பாலைவனக் கேன்யன்ல (ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவுல ஆறு ஓடுற பள்ளத்தாக்கு) ஆத்தோரமா டென்ட் போட்டு நாலஞ்சு நாள் தங்கணும்னா என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?

கேள்வி கேட்டவரு பினாங்குல இருந்து எழுதியிருக்காரு. அடுத்த வருஷம் அமெரிக்கா போறப்போ யூட்டா மாநிலத்துப் பக்கம் கேனோ, அதாவது ஒடுக்கமான துடுப்புப் படகு, எடுத்து ஆத்துலயே போயி கரையில டென்ட் போட்டு தங்கலாம்னு ஆசை, ஆனா அங்க டாய்லெட் இல்ல, குழாத்தண்ணி இல்ல, கடை இல்ல, நம்ம ஆளுங்களுக்கு இது தாங்குமான்னு கேக்குறாரு. தாங்கும். நான் கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, செந்தூல்காரி, எனக்கு நாப்பத்தி நாலு வயசுல அது தாங்குச்சு. டென்வர்ல இருக்கிற என் தம்பி, அவன் வீட்டுக்காரி, நான், எங்க வீட்டுக்காரர், நாலு பேரா செப்டம்பர் மாசம் போனோம். கிரீன் ரிவர், கேன்யன்லேண்ட்ஸ் நேஷனல் பார்க் பக்கம், மினரல் பாட்டம்ங்கிற இடத்துல கேனோவ இறக்கினா கொலராடோ ஆத்தோட சேர்ற இடம் வரைக்கும் 52 மைல், அதாவது 84 கிலோமீட்டர் கிட்ட. அஞ்சு நாள், நாலு ராத்திரி. ஆறு அமைதியாத்தான் ஓடும், துடுப்பு போடத் தெரியாதவங்களும் ரெண்டு மணி நேரத்துல பழகிக்கலாம்.

முதல்ல தண்ணியப் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா எனக்கு அதுதான் மண்டையில ஏறவே இல்ல. தம்பி வீட்டுல கிளம்புறப்போ தோங் தோங்கா, பெரிய பெரிய பிளாஸ்டிக் பீப்பாவுல, குடிதண்ணி ஏத்துறான், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் கணக்கு, கிட்டத்தட்ட 4 லிட்டர், நாலு பேருக்கு அஞ்சு நாளைக்குன்னு 80 லிட்டர், 80 கிலோ எடை. டேய், ஆத்து மேலதானே போறோம், ஃபில்டர் வாங்கிட்டா போதாதான்னு கேட்டேன். "அக்கா, வந்து பாரு"ன்னான். போயி பாத்தா ஆறு தே தாரிக், நம்ம பால் டீ, கலர்ல ஓடுது. கையை முழங்கை வரைக்கும் விட்டா விரல் தெரியல. அந்தத் தண்ணிய நேரா ஃபில்டர்ல விட்டா கொஞ்ச நேரத்துல மண்ணடைச்சு ஃபில்டர் நின்னுடும். அதனால சாயங்காலம் வாளியில மொண்டு வச்சு, ராத்திரி பூரா தெளிய விட்டு, காலைல மேல உள்ள தண்ணிய மட்டும் அலுங்காம சாய்ச்சு எடுக்கணும். அடியில என் கட்டைவிரல் கனத்துக்கு சேறு நின்னுச்சு, மாவு மாதிரி, தொட்டா வழவழன்னு.

அதுல இன்னொரு விஷயம். அங்க ஆத்துல போறவங்க தண்ணி சீக்கிரம் தெளியறதுக்கு ஒரு வெள்ளைப் பொடி போடுறாங்க, தம்பி அந்த டப்பாவ நீட்டினப்போ வாயில வச்சுப் பாத்தேன், துவர்ப்பு. படிகாரம்! எங்க பாட்டி ரவாங் பக்கத்து எஸ்டேட்டுல இருந்தப்போ மழை நாள்ல தண்ணி செம்மண்ணா வந்தா, படிகாரக் கட்டிய கையில புடிச்சிக்கிட்டு குடத்துக்குள்ள நாலு சுத்து சுத்துவாங்க, லயத்துல எல்லா வீட்டுலயும் அப்படித்தானாம், அம்மா இப்பவும் சொல்லுவாங்க. பூமிக்கு அந்தப் பக்கம் பாறைக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு நான் அதையே செஞ்சப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஒரு வாளிக்கு ஒரு டீஸ்பூன் கூட வேண்டியதில்ல, கலக்கி விட்டு பேசாம இருந்தா மண்ணு திப்பி திப்பியா சேர்ந்து கீழ எறங்குறது கண்ணுக்கே தெரியும். ஆனா படிகாரம் மண்ணத்தான் எறக்கும், கிருமிய முழுசா போக்காது, அப்புறமா ஃபில்டர் பண்ணி கொதிக்க வைக்கணும். நாங்க அந்தத் தண்ணிய சமைக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும் வச்சிக்கிட்டோம், குடிக்க தோங் தண்ணிதான்.

இப்போ எங்க டென்ட் போடுறதுன்னு. நம்ம ஊருல உலு யாம், உலு லங்காட் பக்கம் குளிக்கப் போனா பெரியவங்க சொல்லுவாங்கல்ல, மேல மலையில மேகம் கறுத்தா ஆத்துல இருந்து ஏறிடு, கெபாலா ஆயர் வந்துடும்னு. நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும், மேல பெஞ்ச மழை திடீர்னு ஒரே அடியா வந்து அள்ளிட்டுப் போயிடும். பாலைவனத்துலயும் அதே கதைதான், இன்னும் மோசம், ஏன்னா தண்ணிய உறிஞ்ச மண்ணும் இல்ல மரமும் இல்ல, வெறும் பாறை, பெஞ்சது அத்தனையும் பக்கத்துல உள்ள சின்னச் சின்ன கேன்யன் வழியா நேரா இறங்கும். ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் அங்க இடி மழை சீசன். 1997 ஆகஸ்ட் 12ல அரிசோனாவுல ஆண்டிலோப் கேன்யன்ல 11 டூரிஸ்ட் இறந்ததே இப்படித்தான், மழை பெஞ்சது எங்கயோ பல மைல் தள்ளி.

மூணாவது நாள் சாயங்காலம் ஒரு பக்கக் கேன்யன் வந்து ஆத்துல சேர்ற வாய்ல அழகான மணல் திட்டு, பாய் விரிச்ச மாதிரி சமமா இருந்துச்சு, நான் தார்பாய கூட விரிச்சிட்டேன். தம்பி வந்து ஒரு பேச்சு பேசல, தார்பாய சுருட்டி தோள்ல போட்டுக்கிட்டு பக்கத்துல உசரமா இருந்த பாறைத் திட்டுக்கு ஏறிட்டான். எனக்கு கோவம், சாமான தூக்கிக்கிட்டு ஏற முட்டி வலி வேற. ராத்திரி தூரத்துல மின்னல் மட்டும், எங்க மேல ஒரு சொட்டு விழல, வானம் பூரா நட்சத்திரம். அப்புறம் ஒரு நேரத்துல லாரியில இருந்து கல்லு கொட்டுற மாதிரி சத்தம். விடிஞ்சு பாத்தா நான் தார்பாய் விரிச்ச இடத்துல மணலே இல்ல, என் இடுப்பு ஆழத்துக்கு அறுத்துக்கிட்டு போயிருக்கு, ஓரத்துல சிவப்புச் சேறு இன்னும் வழிஞ்சிக்கிட்டு இருக்கு. எங்க வீட்டுக்காரர் தம்பி கையப் புடிச்சிக்கிட்டாரு, ஒண்ணும் பேசல. ஆறும் ஒரு சாண் ஏறியிருந்துச்சு, கேனோவ ரெண்டு முனையிலயும் கயிறு போட்டு உசரத்துல கட்டினதால இருந்துச்சு, இல்லன்னா நடந்து வெளிய வர வழி கிடையாது.

டாய்லெட் விஷயத்த கூச்சப்படாம சொல்லிடுறேன், பொம்பளைங்களுக்கு இது முக்கியம். வெளிக்கி போறது முழுக்க மூடி போட்ட டப்பாவுல, அதை கேனோவுலயே ஏத்திக்கிட்டு வந்து ஊருல அதுக்குன்னு உள்ள இடத்துல கொட்டிக் கழுவணும். பார்க் சட்டமே அப்படி, பெர்மிட் இருந்தாலும் டப்பா இல்லாம போக முடியாது. அதுக்கு பேரு க்ரூவர், அந்தக் காலத்துல துப்பாக்கி ரவை வைக்கிற இரும்புப் பெட்டிய வச்சிருந்தாங்களாம், சீட் இல்லாம நேரா அது மேல உக்காந்தா தொடையில கோடு விழும், இங்கிலீஷ்ல அந்தக் கோடு 'க்ரூவ்', அதுல வந்த பேரு. சிறுநீர் மட்டும் ஆத்துல, கரையில கூடாது. எனக்கு இது ரொம்ப தப்பா பட்டுச்சு, ஆத்த அசுத்தம் பண்ணலாமான்னு. ஆனா அங்க மழை கம்மி, கரையில போனா கழுவ ஆளில்ல, மணல் மாசக்கணக்கா நாறும், அடுத்து வர்றவங்க அதே மணல்லதான் படுக்கணும். ராத்திரி ஆத்துல இறங்கறது ஆபத்து, அதனால நானும் தம்பி வீட்டுக்காரியும் ஒரு சின்ன வாளி தனியா வச்சிக்கிட்டோம். மாதவிலக்கு சாமான் எல்லாம் ரெட்டை பிளாஸ்டிக் பையில கட்டி குப்பையோட திரும்பி வரும்.

சோறு ஆக்குறதும் அப்படித்தான். பாத்திரம் கழுவின தண்ணிய வடிகட்டில ஊத்தி, நிக்கிற பருக்கைய குப்பையில போட்டு, தண்ணிய ஆத்துல ஊத்தணும், ஒரு பருக்கை மணல்ல கிடந்தா செவ்வெறும்பும் எலியும் வந்துடும். நெருப்பு மூட்டணும்னா கால் வச்ச இரும்புத் தட்டுல மட்டும், ஆத்துல அடிச்சிட்டு வந்து ஒதுங்கின கட்டைய மட்டும் எரிக்கணும், சாம்பலையும் டப்பாவுல அள்ளிட்டு வரணும். அதனாலதான் அந்தக் கரையில ஒரு கரித்துண்டு கூட இல்ல. வருஷத்துக்கு எத்தனையோ பேரு வந்து படுத்துட்டுப் போற மணலு, நாங்கதான் முதல் ஆளுங்கங்கிற மாதிரி இருந்துச்சு. நம்ம சுங்கை ஓரத்துல பாறை இடுக்கெல்லாம் கரியும் மேகி பாக்கெட்டும் டயப்பரும் பாத்துப் பழகின எனக்கு அது வயித்தெரிச்சலாவே இருந்துச்சு. இப்போ உலு யாம் போனாலும் ஒரு பழைய பிஸ்கட் டின் எடுத்துட்டுப் போறேன் சாம்பலுக்கு.

மத்தது சுருக்கமா. மத்தியானத்துக்கு மேல எதிர்காத்து அடிக்கும், காலைல வெள்ளனவே பசியாறிட்டு கிளம்பிடுங்க. டென்ட் ஆணி மணல்ல நிக்காது, பையில மணல் ரொப்பி அதுல கட்டணும். காத்து அவ்வளவு வறட்சி, மூணு நாள்ல எனக்கு குதிகால் வெடிச்சு மூக்குல ரத்தம் வந்துச்சு, தேங்காண்ணெய் ஒரு சின்ன போத்தல் கண்டிப்பா. ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், உபரித் துடுப்பு ஒண்ணு. போன் லைன் சுத்தமா கிடையாது, சாட்டிலைட் மெசேஜ் கருவி வாடகைக்கு எடுங்க.

கடைசி நாள் கிரீன் ரிவரும் கொலராடோவும் சேர்ற இடத்துக்கு வந்தோம். ரெண்டும் சேத்துத் தண்ணி, ஒண்ணு சிவப்பு ஒண்ணு பச்சை கலந்த பழுப்பு, நடுவுல கோடு கிழிச்ச மாதிரி கொஞ்ச தூரம் ஒட்டாமலே ஓடுது. எங்க வீட்டுக்காரர் "மஸ்ஜித் ஜமெக்" அப்படின்னாரு. அந்த மசூதி நிக்கிற, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேர்ற இடந்தானே நம்ம கேஎல், லும்பூர்னா சேறு, பேருலயே இருக்கு. 1869 ஜூலைல ஜான் வெஸ்லி பவல்னு ஒரு கை இல்லாத மனுஷன் மரப் படகுல இங்க வந்து சேர்ந்தாராம், அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு அவருகிட்ட ஒரு வரைபடம் கூட இல்ல. இப்போ நமக்குத் தெரியும், கீழ கேட்டராக்ட் கேன்யன், பாறைக்கு நடுவுல பாஞ்சு கேனோவ கவுத்துடுற வேகத்தண்ணி. அதனால சில மைல் தள்ளி ஸ்பானிஷ் பாட்டம்ல கண்டிப்பா ஒதுங்கிடணும், அங்க ரோடு கிடையாது, மோவாப்ங்கிற ஊருல இருந்து மோட்டார் படகு வந்து ஏத்திட்டுப் போகும். அதை பெர்மிட் எடுக்கிறப்பவே புக் பண்ணி வச்சிடுங்க, படகு தேதிய வச்சுத்தான் மத்த தேதியெல்லாம் போடணும்.

படிகாரம் மட்டும் இங்கயிருந்தே வாங்கிட்டுப் போங்க, பினாங்கு லிட்டில் இந்தியாவுல நாட்டு மருந்து விக்கிற எந்தக் கடையிலயும் கிடைக்கும், கட்டியா வாங்கி வீட்டுலயே இடிச்சுக்குங்க.