கறுப்பின குயர் அமைப்புக்குப் பணம் கொடுக்க புரோக்கர் எதற்கு?

கேள்வி: அட்லாண்டா பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கறுப்பின குயர் மக்களை, அதாவது தன்பால் ஈர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பாலினச் சிறுபான்மையினரைக் கொண்டாடும் நிகழ்ச்சி ஒன்றை எங்கள் ஊழியர் குழு சார்பில் நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கையில் 8,000 டாலர் இருக்கிறது. 6,000 கொடுத்தால் பேச்சாளர் முதல் நன்கொடை வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. “குயர் மக்களுக்கான பிரைடு அமைப்பு ஒன்றுக்கும் கறுப்பினத்தவர் அமைப்பு ஒன்றுக்கும் ஏற்கெனவே கொடுக்கிறோமே, தனியாக எதற்கு?” என்கிறார் மேலாளர். ஊழியர்கள் தங்கள் கைக்காசையும் போட விரும்புகிறார்கள். அது சரியான இடத்துக்குப் போய்ச் சேர என்ன செய்யவேண்டும்? வரிக் கழிவு கிடைக்குமா? நான் கறுப்பினத்தவளும் இல்லை, குயரும் இல்லை. இதை நான் முன்னின்று நடத்துவது சரியா?

பதில்: ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், போடாதீர்கள். தொண்டு அமைப்புகளின் கணக்கைத் தணிக்கை செய்வதுதான் என் தொழில். நீங்கள் சொல்லும் மாதிரியான ஒப்பந்தங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் மேலாளருக்குப் பதில் சொல்லிவிடலாம். அது தெளிவானால் பணம் எங்கே போகவேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

1970-களில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர்கள் முதலில் போகவேண்டும் என்ற விதியைச் சொல்லி, 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரையும் வெளியே அனுப்பினார்கள். 1976-ல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறது, ஆகவே பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டவில்லை. இனப் பாகுபாடு என்றால் அதற்கு வேறொரு வழக்கு நடக்கிறது, அதில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் கூட்டி ஒரு வழக்காகக் கொண்டுவர முடியாது. வேலையில் இருந்த பெண்கள் வெள்ளையர்கள் என்பது அந்தத் தீர்ப்பில் எடுபடவே இல்லை. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கை எடுத்துப் பேசினார். பாகுபாடுகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுச் சேர்வதைக் குறிக்க இன்று எல்லா நிறுவனங்களும் சொல்லும் ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ அங்கிருந்து வந்ததுதான்.

உங்கள் மேலாளரும் அந்த நீதிபதி போட்ட கணக்கைத்தான் போடுகிறார். பிரைடுக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று, ஆகவே இரண்டுமாக இருப்பவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறார். அப்படிப் போய்ச் சேருவதில்லை. 2016-ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. அன்றிருந்த வேகத்தில் போனால், ஆண்களோடு உறவுகொள்ளும் கறுப்பின ஆண்களில் இரண்டில் ஒருவருக்கு வாழ்நாளில் எச்.ஐ.வி. வரும் என்றது. அதே நிலையில் உள்ள வெள்ளை ஆண்களில் 11 பேரில் ஒருவருக்கு. எச்.ஐ.வி.க்கு மருந்தும் பணமும் பிரசாரமும் இருந்த நாட்டில்தான் இந்த வித்தியாசம். அதற்கு வெகுமுன்பே, 1991-ல், வாஷிங்டனில் கறுப்பின குயர் மக்களின் விழாவான முதல் பிளாக் பிரைடு தொடங்கியபோது எய்ட்ஸ் பணிகளுக்கு நிதி திரட்டுவதுதான் அதன் நோக்கங்களில் முதன்மையானது. தங்கள் ஆட்களுக்குத் தாங்களே பார்த்துக்கொண்டால்தான் உண்டு என்ற நிலை.

கறுப்பினத்தவர் இயக்கத்துக்குள் நடந்ததையும் சொல்லவேண்டும். மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசிய 1963 வாஷிங்டன் பேரணியை இரண்டு மாதத்துக்குள் கட்டி எழுப்பியவர் பேயர்ட் ரஸ்டின். ரயில், பஸ், ஒலிபெருக்கி, மதியச் சாப்பாடு வரை அவர் பார்த்துக்கொண்டார். 1948-ல் இந்தியாவுக்கு வந்து காந்தியவாதிகளிடம் நேரடியாகக் கற்றுப் போனவர். ஆனால் அவர் தன்பால் ஈர்ப்பாளர் என்பதால் 1960-ல் கிங்கின் அமைப்பை விட்டு விலக நேர்ந்தது. பேரணிக்குச் சில வாரங்களுக்கு முன் செனட் அவையிலேயே அவருடைய பழைய கைது விவரத்தைப் படித்துக் காட்டினார்கள். அந்தக் கைதை ஒட்டி வந்த தண்டனைக்குக் கலிஃபோர்னியா ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2020-ல். ரஸ்டின் இறந்து ஏறக்குறைய 33 வருடம் கழித்து! கிங்கின் ஊரான அட்லாண்டாவில் நிகழ்ச்சி வைக்கிறீர்கள். ரஸ்டினைப் பற்றி ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மேலாளர் முதல் வரிசையில் உட்காரட்டும்.

சரி, கன்சல்டன்சி. ஒருமுறை நான் தணிக்கை செய்த கோப்பில் இப்படியொரு நிறுவனத்தின் பில் இருந்தது. ‘நிகழ்ச்சி வடிவமைப்பு’, ‘உள்ளடக்க ஆலோசனை’, ‘தாக்க அறிக்கை’ என்று வரிசையாகத் தொகைகள். கடைசி வரியில் ‘பேச்சாளர் அன்பளிப்பு: 300’. மொத்தம் ஐயாயிரத்துக்கு மேல். அந்தப் பேச்சாளர் ஒரு கறுப்பின திருநங்கை. அவருடைய பெயரையும் படத்தையும் போட்டுத்தான் நிகழ்ச்சியையே விற்றிருந்தார்கள். வாடகை வீட்டுக்குப் புரோக்கர் பிடித்தால்கூட ஒரு மாத வாடகையோடு விட்டுவிடுவார். இவர்கள் வீட்டையே எடுத்துக்கொண்டு திண்ணையை உரிமையாளருக்குக் கொடுக்கிறார்கள். கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியிலும் பிரைடு மாதமான ஜூனிலும் இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறக்கும். “அவர்களுக்கு இது நல்ல வெளிச்சம், பணம் எதிர்பார்க்க மாட்டார்கள்” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். பேச்சாளரை நீங்களே தொடர்புகொள்ளுங்கள், அவர் கேட்கும் தொகையைக் கேளுங்கள். எவ்வளவு நியாயம் என்று தெரியாவிட்டால், போன வருடம் ‘தலைமைப்பண்பு’ பற்றிப் பேச வந்தவருக்கு உங்கள் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று அக்கவுன்ட்ஸில் விசாரியுங்கள். அதற்குக் குறையக் கூடாது.

அடுத்து நன்கொடை. இங்கே பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். அமெரிக்காவில் பதிவான ஒவ்வொரு தொண்டு அமைப்புக்கும் ஈ.ஐ.என். என்ற ஒன்பது இலக்க அடையாள எண் உண்டு. அதை அமைப்பிடமே கேட்டு வாங்கி, அமெரிக்க வருமானவரித் துறையான ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளைத் தேடும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இலவசம், ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாததால் நடந்ததைக் கேளுங்கள். 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர் ஃபவுண்டேஷன்’ என்ற பெயருக்கு லட்சக்கணக்கான டாலர் ஒதுக்கினார்கள். அது பிளாக் லைவ்ஸ் மேட்டர் என்ற போராட்ட இயக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத, கலிஃபோர்னியாவில் ஒரு தனிமனிதர் நடத்திய அறக்கட்டளை. மக்களையும் போலீஸையும் நெருக்கமாக்குவதுதான் அதன் குறிக்கோளாம்! பணத்தில் பெரும்பகுதி கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்கப்பட்டது. நன்கொடைத் தளங்கள் அரசுப் பட்டியலிலிருந்து பெயர்களை இயந்திரம் மூலம் அள்ளிப் போட்டுக்கொண்டதால் வந்த வினை.

அதிலிருந்து பாடம் படித்தார்களா? 2025-ல் இணையத்தில் நிதி திரட்டும் கோஃபண்ட்மி நிறுவனம் சுமார் 14 லட்சம் தொண்டு அமைப்புகளுக்கு, அவர்களைக் கேட்காமலேயே, நன்கொடைப் பக்கம் திறந்து வைத்திருந்தது தெரியவந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு, சம்மதித்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். ஆகவே கூகுளில் தேடி முதலில் வரும் பக்கத்தில் கார்டைத் தேய்க்காதீர்கள். அமைப்பின் சொந்த இணையதளத்துக்குப் போய், அங்கே உள்ள பொத்தானை அழுத்துங்கள். ‘டிப்ஸ்’ என்று தானாகவே ஒரு தொகை சேர்ந்து நிற்கும் இடங்களில் அதை பூஜ்யமாக்கிவிடுங்கள். அது தளத்துக்குப் போகிற காசு, அமைப்புக்கு அல்ல.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எண்ணைத் தேடினால் பெயரே வராத அமைப்புகள் உண்டு. அவை எல்லாம் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கறுப்பின திருநங்கைகள் நடத்தும் சிறு குழுக்களில் பலவற்றுக்குச் சொந்தமாக 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பதிவு கிடையாது. பெரிய, பதிவான அமைப்பு ஒன்றின் குடையின்கீழ் இயங்குவார்கள். இதை ‘ஃபிஸ்கல் ஸ்பான்சர்’ என்பார்கள். பணம் சட்டப்படி ஸ்பான்சருக்குத்தான் போகும். அவர்கள் நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் குழுவுக்குச் செலவிடுவார்கள். இந்தப் பங்கு பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் இருக்கும், சில இடங்களில் கூடுதல். இதுவும் இடைத்தரகுதானே என்று கேட்பீர்கள். இல்லை. சம்பளம் போடுவது, கணக்கு எழுதுவது, வருடாந்தரப் படிவம் தாக்கல் செய்வது என்று உண்மையான வேலையை அவர்கள் செய்கிறார்கள். ஆனால் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். காசோலை ஸ்பான்சர் பெயரில்தான் எழுதவேண்டும், குறிப்பு வரியில் குழுவின் பெயர் கட்டாயம் இருக்கவேண்டும். அதை விட்டால் பணம் பொதுக் கணக்கில் கலந்துவிடும். கம்பெனியின் நன்கொடைத் தளத்தில் ஸ்பான்சர் பெயர் மட்டும்தான் வரும், குழுவைக் குறிப்பிட இடம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருவருக்கும் உள்ள உறவு இப்போதும் தொடர்கிறது என்று ஒரு வரி மின்னஞ்சலாவது வாங்கவேண்டும். ஓபன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் என்ற ஸ்பான்சர் 2024 பிப்ரவரியில் கடையை மூடப்போவதாக அறிவித்தது. அந்த வருடக் கடைசிக்குள் நூற்றுக்கணக்கான சிறு குழுக்கள் வேறு குடை தேடி அலையவேண்டி வந்தது. பழைய பெயரில் அனுப்பிய பணம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகவே பதிவு செய்யலாமே என்றால், முழு விண்ணப்பக் கட்டணம் 600 டாலர், சிறு அமைப்புக்கான சுருக்கப் படிவத்துக்கு 275. அப்புறம் காத்திருப்பு. அப்புறம் ஒவ்வொரு வருடமும் தாக்கல். தொடர்ந்து மூன்று வருடம் விட்டுப்போனால் பதிவு தானாக ரத்து. வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பெண்ணுக்கு நடுராத்திரியில் தங்க இடம் தேடுகிறவரிடம் வருடாந்தரக் கணக்குப் படிவமான 990 எங்கே என்று கேட்கும் முறை இது. பதிவு இல்லை என்பதால் கம்பெனிகள் கொடுப்பதில்லை, கொடுக்காததால் பதிவு செய்ய ஆள் வைக்க முடிவதில்லை. இந்த வட்டத்தை உடைக்க எந்த அதிகாரிக்கும் அவசரம் இல்லை.

வரிக் கழிவு பற்றிச் சுருக்கமாக. 2026 முதல், செலவுகளைத் தனித்தனியே காட்டாமல் நிலையான தொகையைக் கழிக்கும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர்களும் பதிவான பொதுத் தொண்டு அமைப்புக்குப் பணமாகக் கொடுத்ததில் 1,000 டாலர் வரை, தம்பதியாகத் தாக்கல் செய்தால் 2,000 வரை கழித்துக்கொள்ளலாம். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால் அமைப்பின் எழுத்துபூர்வ ரசீது வேண்டும். தனிமனிதருக்கு, அவர் எவ்வளவு கஷ்டத்தில் இருந்தாலும், கொடுத்தது கழிவில் வராது. ஆனால் 40 டாலர் வரி மிச்சத்துக்காக, நேரடியாகப் போகவேண்டிய பணத்தைச் சுற்றுவழியில் அனுப்பாதீர்கள். கழிவு இல்லாமலும் கொடுக்கலாம். அதைச் சட்டம் தடுக்கவில்லை.

உங்கள் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். வயதான கறுப்பின லெஸ்பியன் பெண்களுக்காக இயங்கும் ஸாமி நோப்லா அட்லாண்டாவில்தான் இருக்கிறது. கறுப்பின கே ஆண்களின் கதைகளை அவர்களே சொல்ல வழிசெய்யும் கவுண்டர் நரேட்டிவ் ப்ராஜெக்டும் அங்கேதான். எண்ணைச் சரிபார்த்துவிட்டு, ஃபோன் செய்து “உங்களுக்கு இப்போது எதற்குப் பணம் தேவை?” என்று கேளுங்கள். வாடகைக்கு, சம்பளத்துக்கு என்று சொன்னால் அதற்கே கொடுங்கள். தனித் திட்டம்தான் வேண்டும், விளம்பரப் பலகையில் எங்கள் லோகோ வேண்டும் என்று கம்பெனி அடம்பிடித்தால் நீங்கள் எதிர்த்து நில்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் முன்னின்று நடத்தலாமா என்ற கேள்வி. தாராளமாக. ஏற்பாடு செய்யுங்கள், வரவேற்றுப் பேசுங்கள், உட்கார்ந்துவிடுங்கள். பேச்சாளரிடம் அவர் பட்ட துன்பத்தை மட்டும் கேட்டுக் கண்ணீர் வரவழைக்காதீர்கள், அவர் செய்கிற வேலையைப் பற்றிக் கேளுங்கள். படம் எடுக்கவும் பெயர் போடவும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பார்வையாளர்களில் இருக்கும் உங்கள் சக ஊழியருக்கும் இது பொருந்தும். அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாமல் இருப்பவர் ஒருவர் அங்கே இருக்கலாம். பணம் பெறுபவர் தன் வரி விவரத்தை எழுதித் தரும் டபிள்யூ-9 படிவத்தைப் பேச்சாளருக்கு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். உங்கள் கம்பெனியில் புதிய ஆளின் பெயரைப் பணம் கொடுக்கும் பட்டியலில் ஏற்ற ஒரு மாதம்கூட ஆகலாம். நிகழ்ச்சி முடிந்து 60 நாள் கழித்துப் பணம் வருகிற வழக்கம் உங்கள் கம்பெனியில் இருந்தால், பாதியையாவது முன்பணமாகக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.