காலையில் மட்டும் கிளம்ப மறுக்கும் டீசல் வேன்

கேள்வி: பழைய டீசல் வேன். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது. பகலில் பிரச்சினையே இல்லை. எங்கிருந்து பார்ப்பது?

பதில்: வெள்ளைப் புகை பெரும்பாலும் எரியாத டீசல்தான். அப்படியானால் டீசல் வருகிறது, சூடு போதவில்லை. ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் சூடேற்றும் மின் பிளக்குகளான க்ளோ பிளக்குகளைச் சந்தேகப்படுங்கள்.

முதலில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ எர்த் ஒயரையோ கவனியுங்கள்.

அடுத்து, இன்ஜின் ஆறியபின் க்ளோ பிளக் ஒயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக் தலையிலும் மறுமுனையைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் உலோகத்திலும் வையுங்கள். சாதாரண 12 வோல்ட் பிளக் 2 ஓமுக்குள் காட்டும். அளவே காட்டாதது செத்த பிளக். எல்லாம் சரியென்றால், அவற்றுக்கு மின்சாரம் அனுப்பும் ரிலே (மின் சுவிட்ச்), ஃபியூஸ் இரண்டையும் பாருங்கள்.

செத்த பிளக்கைக் கழற்றுவதில்தான் ஆபத்து. முந்தைய இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது மெதுவாகத் திருப்புங்கள். முரண்டு பிடித்தால் நிறுத்திவிடுங்கள். உள்ளே முறிந்தால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம்.

பிளக்குகள் நன்றாக இருந்தும் தொல்லை தொடர்கிறதா? டீசல் ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே கிளம்பினால், எங்கோ காற்று புகுந்து டீசல் இரவில் டேங்குக்குத் திரும்புகிறது. வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், ஃபில்டர் வாஷர் ஆகியவற்றை மாற்றுங்கள்.