கேம்ப் ஃபயரில் வண்ணச் சுடர்: எதைப் போடுவது, எப்போது போடுவது?

கேள்வி: அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு இருபது பேர், ஜனவரியில் ஏற்காட்டில் ஒரு தனியார் தோட்ட விடுதியில் தங்கவிருக்கிறோம். சென்ற முறை கேம்ப் ஃபயர் மூட்டிய அரை மணி நேரத்திலேயே ஆளுக்கொரு செல்போனோடு ஒதுங்கிவிட்டார்கள். இம்முறை நெருப்பே வேடிக்கை காட்ட வேண்டும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் சுடர் பச்சையாகும் என்கிறார்களே, உண்மையா? பெட்ரோலை விசிறினால் போதும் என்கிறார் இன்னொருவர்.

பதில்: பெட்ரோல் யோசனையை இப்போதே கைவிடுங்கள். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து பரவக்கூடியது. ஊற்றுகிறவரின் கையிலிருக்கும் கேனுக்கே சுடர் திரும்பி ஓடும். கைகழுவும் சானிடைசர், ஸ்பிரிட் போன்றவற்றுக்கும் இதே தடைதான்.

மயில்துத்தம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. ஆனால் பலர் அதை வாங்கிப் போட்டு ஏமாறுவதற்குக் காரணம் அளவு அன்று, நேரம். விறகுச் சுடரின் மஞ்சள் நிறம், அதனுள் இருக்கும் நுண்ணிய புகைக்கரித் துகள்கள் சூடேறி ஒளிர்வதால் வருவது. அந்த ஒளி மிகுதியாக இருக்கும்வரை, மயில்துத்தத்திலுள்ள தாமிரம் தரும் பச்சை அதற்குள் அமுங்கிப்போகும். ஆகவே கொழுந்துவிட்டு எரியும்போது எதையும் போடாதீர்கள். சுடர் தணிந்து, கங்கு சிவந்து, அதன் மேல் சிறு நாக்குகள் மட்டும் ஆடும் நிலை வரும்வரை காத்திருங்கள்.

அந்த நிலைக்கு நல்ல கங்கு தேவை என்பதால் அடுக்கும் முறையிலேயே கவனம் வேண்டும். காய்ந்த சவுக்குக் கட்டைகளில் பருமனானவற்றை அடியில் இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, மேலே போகப்போக மெலிந்தவற்றை அடுக்கி, உச்சியில் சுள்ளியும் தென்னம்பாளையும் வைத்து, மேலிருந்து பற்றவையுங்கள். புகை குறையும்; நெருப்பு மெல்லக் கீழிறங்குவதைப் பார்ப்பதே ஒரு காட்சி. இடையிடையே நான்கைந்து கொட்டாங்குச்சிகளைப் போட்டால் அவற்றிலுள்ள எண்ணெய்ப் பசையால் வெளிச்சம் சட்டென்று எழும்பும். ஈரமான ஓடைக் கற்களைச் சுற்றி வைக்காதீர்கள். உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும். கணு மூடிய பச்சை மூங்கிலும் அப்படியே.

உரக்கடையில் வாங்கிய மயில்துத்தத்தை நன்கு பொடித்து, ஒரு தேக்கரண்டி வீதம் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பெரியவர் ஒருவர் நின்று, ஒவ்வொன்றாகக் கங்கின் ஓரத்தில் போடட்டும். தாள் எரிந்து முடிந்ததும் பச்சையும் நீலப்பச்சையுமாகச் சுடர் எழும், சில நிமிடங்கள் நீடிக்கும். கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரும் வெளிர்பச்சை விளிம்பு தரும். சமையல் உப்பில் பயனில்லை. அது தருவதும் மஞ்சள்தான். சிவப்புக்காக ஸ்ட்ரான்சியம், பளபளப்புக்காக மெக்னீசியம் என்று பட்டாசு மருந்துகளைத் தேடிப் போகாதீர்கள். மயில்துத்தமும் நஞ்சே என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணையும் தொண்டையையும் கரிக்கும் நெடி வருமாதலால் ஓரிரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோளக்கதிர், கிழங்கு எதைச் சுடுவதாயினும் தனி அடுப்பில் சுடுங்கள்.

இரவின் உச்சக் காட்சியாக நான் பரிந்துரைப்பது இதுவன்று, மாவலி. கார்த்திகைத் தீபத்தன்று ஊர்களில் சுற்றுவார்களே, அதுதான். ஆண் பனையின் பூந்தண்டை மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பருத்தித் துணியில் திரிபோல் இறுகச் சுருட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு இடையே வைத்துக் கட்டி, கயிற்றில் பிணைத்துச் சுழற்றுவது. முனையில் கங்கு வைத்துச் சுற்றியதும் பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். இணையக் காணொளிகளில் காட்டப்படும் இரும்பு நார்ச் சுழற்றலை விட இது எனக்கு அழகாகவே படுகிறது. இரும்பின் பொறிகள் உருகிய துளிகளாகத் தொலைவு பறந்து, சருகில் விழுந்தால் பற்றவைத்துவிடும். கரிப்பொறியும் சுடும் என்பதை மறக்க வேண்டாம். கூரையும் சருகும் மரக்கிளையும் இல்லாத வெட்டவெளியில், பழகிய ஒருவர், பருத்தி ஆடையோடு சுற்ற, மற்றவர்கள் எட்டி நின்று பார்க்க வேண்டும். கார்த்திகை முடிந்தபின் கடையில் கிடைப்பது அரிது. இப்போதே கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதி வளாகத்துக்கு வெளியே எதையும் மூட்ட வேண்டாம். காப்புக்காட்டில் தீ வைப்பது தமிழ்நாட்டு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நாடே அறியும். காற்று பலமாக வீசினால் மாவலியை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

தூங்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் பிடித்தால் சூடு தெரியாத அளவுக்கு அணையுங்கள். மயில்துத்தம் கலந்த சாம்பலைக் காபிச் செடிகளுக்கோ ஓடைக்கோ கொட்டாமல், தனியாக அள்ளிக் கட்டி, அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை விடுதிக்காரரிடம் சொல்லி ஒப்படையுங்கள்.