பேராதனை விடுதியா, கண்டியில் அறையா?

தம்பி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விடுதி கிடைத்தும், சிங்களம் வராது என்று கண்டியில் அறை எடுக்கச் சொல்கிறார்கள் வீட்டில், அதுதானே பிரச்சினை? விடுதிக்கே போங்கள்.

நானும் "ஓவ்" (ஆம்), "நே" (இல்லை) என்ற இரண்டு சிங்களச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டுதான் அருணாசலம் விடுதிக்குப் போனேன். அறைத்தோழன் மாத்தறைக்காரன். முதல் கிழமை கையால்தான் பேச்சு. அப்புறம் அம்மா கட்டித் தந்த பருத்தித்துறை வடைப் பையை அவிழ்த்தேன். ஒரு கடி கடித்துவிட்டு "சைரய்" என்றான், உறைப்பு என்று அர்த்தம். வடை முடிவதற்குள் இருபது சொல் படித்துவிட்டேன். (அவன் எனக்கு முதலில் சொல்லித்தந்தவை எல்லாம் வீட்டில் சொல்ல முடியாதவை, அது வேறு கதை.)

வெள்ளிக்கிழமை பின்னேரம் குன்றேறிக் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்குப் போவோம். அவனும் வருவான், பொங்கலுக்காக. இரவில் சரச்சந்திர திறந்தவெளி அரங்கில் நாடகம் இருந்தால், புல்லில் குந்தியிருந்து பாதி விளங்கியும் விளங்காமலும் பார்ப்பேன். கண்டி அறையில் இருந்தால் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதுதான்.

பகிடிவதைக்கு (ராகிங்) அப்பா பயப்பட்டால், 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம் என்று சொல்லுங்கள். ஏதும் நடந்தால் மறைக்காமல் முறையிடுங்கள்.

சரி, தடித்த போர்வை ஒன்றும் நல்ல குடையும் கட்டாயம். ஹந்தானை மலைப் பக்கம் மழை பிடித்தால் சாரம் காய மூன்று நாள் ஆகும். வடை கொஞ்சம் கூடவே கட்டச் சொல்லுங்கள்.