வைக்கலுக்குள் இருக்கிற சீனி

கேள்வி: யூடியூப்பில் பார்த்து, பனங்கட்டி ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்று வாளியில் போட்டு மூன்று மாதம் மூடி வைத்தேன். அதற்குப் பெயர் ‘நொதியம்’ என்றார்கள். அதை வைக்கலிலும் வாழைக்குற்றியிலும் ஊற்றினால் சீனி வரும் என்று தெரிந்த ஒருவர் சொல்கிறார். உண்மையா, சேர்?
– வாசகி, நீர்வேலி

பனங்கட்டி விற்கிற விலைக்கு அதை வாளியில் போட்டீர்களே தங்கச்சி, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இப்போது அதற்குள் இருப்பது பெரும்பாலும் புளித்த தண்ணீர். பனங்கட்டியின் இனிப்பை மதுவம் (ஈஸ்ட்) மதுசாரமாக்கியது. மதுசாரத்தைப் பற்றீரியாக்கள் வினாகிரியாக்கின. நிலம் துடைக்கலாம். வைக்கலை அது அசைக்காது.

ஆனால் வைக்கலுக்குள் சீனி இருக்கிறது என்பது பொய்யில்லை. அவித்த பனங்கிழங்கைச் சப்பிச் சதையை விழுங்கிவிட்டுத் தும்பைத் துப்புகிறோமே, இரண்டிலும் இருப்பது குளுக்கோசு என்ற சீனிதான். சதையில் மாப்பொருளாகவும் தும்பில் செலுலோசாகவும் சங்கிலிபோலக் கோத்திருக்கிறது, அவ்வளவுதான். மாப்பொருளை நமது உமிழ்நீரில் உள்ள நொதியமே அறுக்கத் தொடங்கிவிடும்; நொதியம் என்பது இப்படிச் சங்கிலியை அறுக்கிற புரதம். செலுலோசை அறுக்கிற நொதியம் நம்மிடம் இல்லை. மாட்டிடமும் இல்லை, அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம்தான் இருக்கிறது.

கணக்குப் பார்ப்போம். காய்ந்த வைக்கலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் செலுலோசு உண்டு. 10 கிலோ வைக்கலுக்கு 3.5 கிலோ என்று வையுங்கள். ஒவ்வொரு பிணைப்பும் அறும்போது ஒரு நீர் மூலக்கூறு உள்ளே சேர்வதால் எடை கூடும்: 100 கிராம் செலுலோசு 111 கிராம் குளுக்கோசாகும். ஆகக் கிட்டத்தட்ட 4 கிலோ வரவேண்டும்!

வராது. செலுலோசைச் சுற்றி அரைச்செலுலோசு என்ற இன்னொரு நார்ப்பொருளும், மரத்தை விறைப்பாக்குகிற இலிக்னினும் இறுகிப் போயிருக்கின்றன. வைக்கலில் மணலில் இருக்கிற சிலிக்கா வேறு. நொதியம் கிட்டப் போகவே இடமில்லை. எனவே முதலில் நாரை இளக்க வேண்டும். ஆலைகளில் ஐதான அமிலம் விட்டுச் சூடாக்குவார்கள். அல்லது அமுக்கத்தோடு நீராவியை ஏற்றிச் சட்டென்று திறந்துவிடுவார்கள், நார் வெடித்துப் பிரியும். சுண்ணாம்பு சேர்த்துச் சூடாக்குவதும் ஒரு முறை. கருப்பநீர் புளிக்காமலிருக்க முட்டிக்குள் பூசுகிறோமே, அதே சுண்ணாம்புதான். அப்புறம் அந்த அமிலத்தையோ சுண்ணாம்பின் காரத்தையோ தணித்து, பீஎச் 5 அளவில் (மெல்லிய புளிப்பு), 50 பாகை செல்சியசுச் சூட்டில் பிடித்து வைத்துத்தான் நொதியத்தை விடுவார்கள்.

அந்த நொதியமும் ஒன்றல்ல. ஒன்று சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோசாகக் கழற்றும். மூன்றாவது அந்தச் சோடியைப் பிரிக்கும். மூன்றாவது குறைந்தால் சோடிகள் குவிந்து மற்ற இரண்டையும் முடக்கிவிடும். இந்த நொதியங்களைச் சுரக்கிற பேர்போன பங்கசு ஒன்று இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சொலமன் தீவுகளில் அகப்பட்டது. அங்கே அமெரிக்கப் படையினரின் பருத்தித் துணிகளும் கூடாரங்களும் உக்கிப் போயின. அதை ஆராய்ந்த எல்வின் ரீசின் பெயராலேயே இன்று அதை ட்ரைக்கோடெர்மா ரீசி என்கிறோம்.

இவ்வளவும் உங்கள் வாளிக்குள் நடக்காது. வாழைக்குற்றியில் பெரும்பங்கு தண்ணீர். வெட்டி மாட்டுக்குப் போடுங்கள். வைக்கலில் சிப்பிக் காளான் வளர்த்துப் பாருங்கள். அது தன் நொதியங்களை வெளியே விட்டு, இலிக்னினையும் சேர்த்து உடைத்து, வருகிற சீனியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சீனி கிடைக்காது, கறிக்குக் காளான் கிடைக்கும்.

கேள்வி: அப்படியானால் இதை யாராவது பெரிய அளவில் செய்கிறார்களா? இங்கேயும் ஓர் ஆலை போடலாமே?
– வாசகர், சாவகச்சேரி

செய்கிறார்கள், இழுபறியோடு. இந்தியாவில் பானிப்பத்தில் 2022 ஓகஸ்டில் ஓர் ஆலை திறந்தார்கள். ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் வைக்கலின் சீனியைப் புளிக்க வைத்து 3 கோடி லீற்றர் எதனோல், அதாவது எரிபொருளாகிற மதுசாரம், எடுப்பது திட்டம். அமெரிக்காவின் அயோவாவில் சோளத்தட்டையை நம்பி டியூபொன்ட் நிறுவனம் 2015இல் திறந்த பெரிய ஆலையை 2017இலேயே கைவிட்டார்கள். நொதியத்துக்கும் செலவு, நாரை இளக்கவும் செலவு. வைக்கலோ பாரமில்லாமல் இடத்தை அடைக்கிற சாமான், ஏற்றி இறக்கியே காசு கரையும். போதாததற்கு, அரைச்செலுலோசிலிருந்து வருகிற சைலோசு என்ற சீனியைச் சாதாரண மதுவம் தொடாது. அதற்கென்று மாற்றியமைத்த மதுவம் வேண்டும்.

நம்முடைய பக்கம் மிச்ச வைக்கல் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? வன்னியிலிருந்து ஏற்றி வருவதையே மாடுகள் தின்றுவிடும். காவோலையைத் தோட்டத்தில் தாழ்க்கிற வழக்கம் நம்மவர்களுடையது; அங்கேயும் இதே பங்கசுக் கூட்டம்தான் கூலியில்லாமல் வேலை செய்கிறது. ஆலைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கேள்வி: சலவைத்தூளிலும் செலுலோசை அறுக்கும் நொதியம் இருக்கிறதாமே? பருத்திச் சேலை கரைந்து போகாதா?
– வாசகி, கொக்குவில்

நல்ல பயம். பருத்தி அநேகமாகச் சுத்தமான செலுலோசுதான். ஆனால் தூளில் இருப்பது மிகச் சிறிய அளவு, துவைக்கிற நேரமும் கொஞ்சம். துணியின் மேலே கிளம்பி நிற்கிற பிசிர்களைத்தான் அது அறுக்கும். அதனால் பழைய துணியும் கொஞ்சம் பளிச்சென்று தெரியும். புது ஜீன்ஸை நாள்பட்டது போல வெளுக்க வைக்கிற ஆலைகளிலும் கல்லுக்குப் பதிலாக இதே நொதியத்தைப் பாவிக்கிறார்கள். அந்தச் சாயம் போன ஜீன்ஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம், உங்கள் சேலைக்கு ஒன்றும் ஆகாது.