வேலைக்கு முன் போலீஸ் வெரிஃபிகேஷன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலையும் போலீஸ் வெரிஃபிகேஷனும் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "சார், ஒரு கேஸ் இருக்கு, வேலை கிடைக்குமா?" என்று ஒற்றை வரியில் கேட்டவர்கள் மறுபடி எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். மட்டுமா, சார்ஜ் ஷீட் போட்டாயிற்றா, தண்டனையா, விடுதலையா என்பது தெரியாமல் எந்த வக்கீலும் பதில் சொல்ல முடியாது.

தனியார் கம்பெனி என் மேல் கிரிமினல் கேஸ் உண்டா என்று விசாரிக்கலாமா? எப்போது கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? (வாசகி, சோழிங்கநல்லூர்)

விசாரிக்கலாம். எந்தக் கட்டத்தில் கேட்க வேண்டும் என்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. பெரும்பாலும் ஆஃபர் லெட்டரோடு ஒரு ஒப்புதல் படிவம் வரும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஊழியர் தகவலை வேலை சம்பந்தமாகக் கையாள முதலாளிக்கு வழி விட்டிருக்கிறது. அந்தப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நகல் ஒன்று எடுத்து வையுங்கள்.

எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் போலீஸ் சர்டிபிகேட் கட்டாயமா? உடனே பதில் தேவை. (கிண்டி)

என்ன தொழில் என்றே எழுதவில்லை. லேத் பட்டறைக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் பதில் ஒன்றாகுமா? பொதுவாகக் கட்டாயம் இல்லை. ஆனால் செக்யூரிட்டி ஏஜென்சி என்றால் 2005 தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டப்படி காவலாளியின் முன்நடத்தையைப் பார்த்துத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். கோர்ட்டில் தண்டனை பெற்றவரை எடுக்கவே கூடாது.

தாம்பரத்தில் சின்ன பிளே ஸ்கூல் நடத்துகிறேன். டீச்சர்களுக்கு மட்டும் விசாரித்தால் போதுமா?

போதாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகள் ஆயாம்மா, வேன் டிரைவர், கான்ட்ராக்ட் ஆள் என்று எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கின்றன. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் இடம் எதுவானாலும் இது பொருந்தும். சேரும்போது ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துவிடவும் கூடாது, அவ்வப்போது திரும்பப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் முதலாளி பக்கம்தான்.

என் மேல் எந்தக் கேஸும் கிடையாது. ஆனால் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் 'ரெட்' என்று வந்துவிட்டதாம், ஆஃபரை நிறுத்திவிட்டார்கள். ரிப்போர்ட்டைக் காட்டவும் மறுக்கிறார்கள். (வேளச்சேரி)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பல கம்பெனிகள் தாங்களே விசாரிப்பதில்லை. ஒரு ஏஜென்சியிடம் பட்டியலைக் கொடுத்துவிடுகின்றன. அங்கே இருப்பவர் பல நேரம் கோர்ட் வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைத் தட்டிப் பார்ப்பதோடு சரி. நம் ஊரில் குடும்பப் பெயர் வைக்கும் பழக்கம் இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். எஸ். குமார் என்றால் செல்வம் மகனா, சேகர் மகனா, சண்முகம் மகனா? வெளி மாநிலத்தில் உட்கார்ந்து தேடுபவருக்கு அந்த 'எஸ்' வெறும் எழுத்து. பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதினாலோ அப்பா பெயரே சர்நேம் ஆகிவிடுகிறது. அப்புறம் அப்பா மேல் இருக்கும் வரப்புத் தகராறு கேஸ்கூடப் பிள்ளை தலையில் வந்து விழும்.

தம்பு செட்டித் தெருவில் என் அறைக்கு ஓர் இளைஞர் அப்படி ஒரு ரிப்போர்ட்டோடு வந்தார். கெஞ்சிக் கூத்தாடி எச்.ஆரிடம் வாங்கியது. ஒரே பக்கம். மேலே சிவப்புப் பட்டை, கீழே திருவள்ளூர் கோர்ட் கேஸ் எண் ஒன்று, 'பெயர் பொருந்துகிறது' என்று ஒரு வரி. நகல் எடுத்துப் பார்த்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வயது 50-க்கு மேல், வந்தவருக்கு 24. அப்பா பெயர் வேறு, ஊர் வேறு. வயதையாவது யாராவது ஒருவர் பார்த்திருக்கலாம். மூன்று வாரம் கழித்து அந்தக் கம்பெனி வருத்தம் தெரிவித்து மெயில் அனுப்பியது. அதற்குள் அந்த இடத்தில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று. இவரோ பழைய வேலையை விட்டிருந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது: போனில் பேசாதீர்கள், மெயில் போடுங்கள். எந்த கோர்ட், என்ன கேஸ் எண், பெயரைத் தவிர எந்த அடையாளத்தை வைத்துப் பொருத்தினீர்கள் என்று கேளுங்கள். கேஸ் எண் கிடைத்தால் நகல் எடுத்து, அப்பா பெயரும் வயதும் முகவரியும் வேறு என்று காட்டுங்கள். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் உங்களுக்கு நீங்களே வெரிஃபிகேஷன் விண்ணப்பிக்கலாம், அதையும் வாங்கி இணையுங்கள். எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள். ரிப்போர்ட் கைக்கு வரும்வரை பழைய வேலையை விடாதீர்கள், இதை எத்தனை தடவை எழுதினாலும் தகும்.

எச்.ஆரில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று. ஆளை நிறுத்துவதற்கு முன் அந்த ரிப்போர்ட்டை அவரிடம் காட்டி ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். ரிப்போர்ட்டை முன்கூட்டியே காட்டுவது அமெரிக்காவில் சட்டம், இங்கே உங்கள் மனசாட்சியை நம்பித்தான் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். என்பது புகார் பதிவான காகிதம், தீர்ப்பு இல்லை.

பக்கத்து வீட்டோடு தகராறில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டார்கள். படிவத்தில் 'கிரிமினல் கேஸ் உண்டா' என்று இருக்கிறது. (கொளத்தூர்)

சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கு ஸ்டேஷன் தரும் ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். ஆகாது. அது பின்னால் எஃப்.ஐ.ஆராக மாறவில்லை என்று ஸ்டேஷனில் உறுதி செய்துகொண்டு 'இல்லை' என்று எழுதுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில், ஆனால் பொய் கூடாது. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: படிவம் குறிப்பாக எதைக் கேட்கிறதோ அதை மறைத்தால்தான் மறைப்பு. அது அரசு வேலை பற்றிய தீர்ப்பு, தனியாருக்கும் நல்ல அளவுகோல்.

போலீஸ் தேர்வில் பாஸ் ஆகிவிட்டேன். அடிதடி கேஸில் சந்தேகத்தின் பலனில் விடுதலை. ஆனாலும் நிராகரித்துவிட்டார்கள். (எண்ணூர்)

வருத்தமான பதில்தான். காவலர் பணி விதி 14(பி)-யின்படி சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியாக மாறியதால் விடுதலையானவரும் கேஸில் சம்பந்தப்பட்டவராகவே கணக்கு. 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை ஏற்றது. தீர்ப்பு நகலோடு அரசுப் பணி தொடர்பான சர்வீஸ் வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் உடனே போங்கள், வாசகங்களைப் பொறுத்து வழி இருக்கலாம். தனியார் வேலைக்கு இந்த விதி கிடையாது.

பதினேழு வயதில் ஒரு செல்போன் திருட்டுக் கேஸ், சிறார் நீதிக் குழுமத்தில் முடிந்துவிட்டது. இப்போது எனக்கு 23. எழுத வேண்டுமா? (வியாசர்பாடி)

தம்பி, நிம்மதியாக இருங்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24 இந்த மாதிரி கேஸால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. முடிந்துபோன சிறார் கேஸை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடவும் கூடாது, அது பிரிவு 74. யாராவது கேட்டு வற்புறுத்தினால் அந்தக் கடிதத்தோடு என்னிடம் வாருங்கள், கட்டணம் வேண்டாம்.

விடுதலையாகி எட்டு வருஷம் ஆயிற்று. பெயரைப் போட்டு கூகுளில் தேடினால் இன்னும் தீர்ப்பு வருகிறது. (அண்ணா நகர்)

2024-ல் நம் உயர் நீதிமன்றம் இப்படி ஒருவருக்குப் பெயரை மறைக்க உத்தரவிட்டது, அதை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அங்கே முடிவாகும்வரை விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்திருங்கள். கேட்பவரிடம் முதலில் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

மகன் கலிபோர்னியாவில் வேலை தேடுகிறான். கேஸ் உண்டா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்களா? (மயிலாப்பூர்)

ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால், நிபந்தனையோடு ஆஃபர் கொடுத்த பிறகுதான் தண்டனை விவரம் கேட்கலாம். 2018 முதல் அங்கே இது சட்டம், சில வேலைகளுக்கு விலக்கு உண்டு.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை விசாரிப்பது தப்பா? (தி. நகர்)

தப்பில்லை. போலீஸ் தளத்தில் வீட்டுப் பணியாளருக்கென்றே பிரிவு இருக்கிறது. ஆனால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆதார் நகலை வாங்கி வாட்ஸ்ஆப் குரூப்பில் போடாதீர்கள், அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

துபாய் வேலைக்கு பி.சி.சி. (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்) கேட்கிறார்கள். ஸ்டேஷனில் வாங்கலாமா? (ராயபுரம்)

வெளிநாட்டுக்கு என்றால் பாஸ்போர்ட் சேவா வழியாகத்தான். இணையத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டி, அமைந்தகரையிலோ சாலிகிராமத்திலோ தாம்பரத்திலோ உள்ள பாஸ்போர்ட் சேவா மையத்தில் நேரம் வாங்குங்கள். உடனே தருகிறேன் என்று புரோக்கர் கேட்கும் ஐந்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.