கிம் ஹே-ஜா: அம்மாவுக்கு அடுத்து எதைப் போடலாம்?

‘தி லைட் இன் யுவர் ஐஸ்’ தொடரை அம்மா இரண்டு எபிசோடோடு நிறுத்திவிட்டார், கொரிய நடிகை கிம் ஹே-ஜா நடித்ததில் வேறு எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படியாவது அதையே தொடரச் சொல்லுங்கள். மொத்தமே 12 எபிசோடுதான். அப்பாவின் உயிரைக் காப்பாற்ற காலத்தைப் பின்னோக்கி நகர்த்தும் ஒரு கடிகாரத்தைத் திரும்பத் திரும்பத் திருப்பி, 25 வயதுப் பெண் ஒரே இரவில் கிழவியாகிவிடுகிறாள். இந்த மாயக்கதை ஏன் என்பதற்கான பதில் கடைசியில்தான் வரும். அதை முன்பே சொல்லிவிடாதீர்கள்! கண்ணாடி முன் நிற்கும் கிழவிக்குள் இருப்பது இளம்பெண்தான் என்று கிம் ஹே-ஜா நம்மை நம்ப வைக்கிறார். 2019இல் தென்கொரியாவின் பெக்சாங் விருது விழாவில் தொலைக்காட்சிப் பிரிவின் உச்ச விருதே இதற்காகக் கிடைத்தது.

1941இல் பிறந்தவர். 1980 முதல் 2002 வரை ‘கன்ட்ரி டைரீஸ்’ தொடரில் கிராமத்துத் தாயாக நடித்து, கொரியாவுக்கே அம்மாவானவர்.

அப்புறம் ‘அவர் புளூஸ்’ (Our Blues) தொடர். ஜேஜு தீவில், தன்னோடு முகம்கொடுத்துப் பேசாத மகனோடு ஒரு தாய். முழுதும் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் கடைசி மூன்று எபிசோடு போதும். வசனம் குறைவு, முகமே பேசும். இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் ‘மதர்’ அபாரமான படம்தான், ஆனால் கொலை விசாரணைக் கதை. அம்மாவுக்கு இப்போது வேண்டாம்.